அல்சூர் ஏரியிலிருந்து நந்தி மலைக்கு: ஏரி, குளம், கோட்டை வழியே சைக்கிளில் போக முழுமையான வழிகாட்டி

எங்கள் சொந்த ஊர் ஆம்பூருக்குப் பக்கம், பாலாற்றங்கரை. சின்ன வயதில் நான் பார்த்த பாலாறு வெறும் மணல்தான். 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் போய் நின்று பார்த்தது. அந்த ஆறு கிளம்பும் நந்தி மலைத்தொடர், பெங்களூரில் நான் குடியிருக்கும் மர்ஃபி டவுனிலிருந்து சைக்கிளிலேயே போய் வரும் தூரத்தில் இருக்கிறது. பாலாறு மட்டுமல்ல, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடலூருக்குப் போகும் தென்பெண்ணையும், ஆந்திராவுக்குப் போகும் வடபெண்ணையும், பெங்களூரை ஒட்டி ஓடும் அர்க்காவதியும் அதே மலைகளில்தான் பிறக்கின்றன.

நந்திக்கு சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் இருட்டில் கிளம்பி, ஹைவேயில் தலையைக் குனிந்தபடி மிதித்து, மலையேறி, படம் எடுத்து, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த முறை பிடிப்பதில்லை. போகிற வழியெல்லாம் ஏரி, படிக்குளம், கோட்டை. அவற்றையே நிறுத்தங்களாக வைத்துக்கொண்டால் பயணம் தானாகவே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துவிடும், முதல்முறை போகிறவராலும் முழுச் சுற்றை முடிக்க முடியும்.

சுற்று எவ்வளவு தூரம்

அல்சூர் ஏரியில் தொடங்கி ஹெப்பாள், எலஹங்கா, சிக்கஜாலா, தேவனஹள்ளி, ஆவதி, காரஹள்ளி கிராஸ் வழியாக நந்தி மலை உச்சிவரை சுமார் 60 கிலோமீட்டர். இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு நந்தி கிராமத்துக்குப் போய், அங்கிருந்து வீடு திரும்பினால் மொத்தம் 130 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். இது முழு நாள் வேலை. 50 கிலோமீட்டர்கூட ஒரே மூச்சில் ஓட்டிப் பழகாதவர்கள் சைக்கிளைக் காரில் ஏற்றி தேவனஹள்ளிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தொடங்கலாம். அப்போது சுற்று 60, 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். கோட்டை, மலை, கோயில் குளம் மூன்றும் அதிலும் கிடைக்கும். நகரத்து டிராஃபிக் மட்டும்தான் கழியும்.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும், வெயிலும் கொல்லாது. மார்ச் முதல் மே வரை போவதானால் காலை 10 மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிடும் கணக்கில் கிளம்ப வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பலமாக இருக்கும். வடக்கே போகும் சாலையில் அது பக்கவாட்டில் தள்ளும், லாரி ஒன்று நம்மைத் தாண்டும்போது சைக்கிளே ஆடிப்போகும். புதியவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கிழமை முக்கியம். சனி, ஞாயிறு காலைகளில் சூரிய உதயம் பார்க்க நகரமே காரில் நந்திக்குக் கிளம்பிவிடும். ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது வாரநாளில் போங்கள். மேலே வாகனங்களுக்கான அனுமதி நேரம், முன்பதிவு, சைக்கிளை எதுவரை விடுவார்கள் என்பதெல்லாம் அவ்வப்போது மாறுகிற விஷயங்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்: கியர்தான் கணக்கு

ரோட் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. கியர் உள்ள ஹைப்ரிட் போதும். ஆனால் எந்த சைக்கிளாக இருந்தாலும் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மலையில் உங்கள் முழங்கால் தப்புமா என்பது அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது.

புதியவர் ஒருவர் நந்தி ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போவார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நிமிடத்துக்கு 133 மீட்டர். ரோட் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் உருளும். முன்னால் 34, பின்னாலும் 34 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 தடவை மிதித்தால் போதும், கால் இலகுவாகச் சுற்றும். பின்னால் 28 பல் மட்டும்தான் என்றால் ஒரு மிதிக்கு 2.55 மீட்டர் நகர்ந்தாக வேண்டும், நிமிடத்துக்கு 52 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழு உடம்பையும் பெடல்மேல் ஏற்றி அழுத்த வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் அப்படி அழுத்தினால் அடுத்த வாரம் முழுக்க மாடிப்படி ஏற முடியாது. பின்சக்கரப் பல்சக்கரக் கொத்தை, அதாவது கேசட்டை, 32 அல்லது 34 பல் உள்ளதாக மாற்றுவது இந்தப் பயணத்துக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் மிக உருப்படியானது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டெரெய்லர் அந்த அளவைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் தொடக்க அளவு. டயர் 28 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் கிராமச் சாலைக்கு நல்லது. நான் 72 கிலோ. முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன். கல்லுபோல அடித்து வைத்தால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். கரடுமுரடான தார் ரோட்டில் கையும் முதுகும்தான் வலிக்கும்.

உடம்பு

ஆறு வாரம் போதும். வாரநாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம், ஞாயிறுதோறும் ஒரு நீளமான ஓட்டம்: 30, 40, 50 என்று கூட்டிக்கொண்டே 80 வரை வாருங்கள். நீள ஓட்டத்துக்கு ஹெசரகட்டா ஏரிப் பக்கம் நல்ல இடம். 1894 இல் பெங்களூருக்குக் குடிநீர் கொண்டுவர அர்க்காவதியைத் தடுத்துக் கட்டிய ஏரி அது. சுற்றிலும் புல்வெளி, கொஞ்சம் மேடு பள்ளம், வண்டிகளும் குறைவு.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்பேர் டியூப் இரண்டு, பங்க்சர் ஒட்டும் பெட்டி, டயர் நெம்பும் பிளாஸ்டிக் லீவர், கைப் பம்ப், ஆலன் கீ செட், செயின் இணைப்பு ஒன்று. முன்னும் பின்னும் லைட், ஹெல்மெட். இவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பலரும் மறப்பது இரண்டு. ரோட் சைக்கிள் டியூப்களில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுதான் இருக்கும், கிராமத்துப் பங்க்சர் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. பத்து கிராம் எடைகூட இல்லாத பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மெல்லிய வேட்டி அல்லது துண்டு. சைக்கிள் டிராயரோடு கோயிலுக்குள் நிற்கச் சங்கடமாக இருக்கும், மேலே சுற்றிக்கொண்டால் சரி.

தண்ணீர் இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்தது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கடலை மிட்டாயோ இரண்டு பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மலை வந்துவிடும்.

முதல் துண்டு: அல்சூரிலிருந்து சிக்கஜாலா

காலை 4.45க்கு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அருகே கூடுங்கள். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. இந்த ஊர்த் தமிழர்களுக்கு அடையாளம் சொல்ல அதைவிட எளிய இடம் கிடையாது. மேக்ரி சர்க்கிள் தாண்டி ஹெப்பாள் போகும்வரை சாலை காலியாகத்தான் இருக்கும், சிக்னலை மதித்துப் போனால் போதும். ஹெப்பாளில் ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேம்பாலத்தின்மேல் ஏறாமல் கீழேயே சர்வீஸ் ரோட்டில் போங்கள். விமான நிலையத்துக்கு விரைகிற டாக்சிகள் மேலே பறக்கும், அந்த வேகத்தோடு நமக்கு வேலையில்லை.

எலஹங்காவுக்கு அப்பால் சிக்கஜாலா. நெடுஞ்சாலையை ஒட்டியே இடிந்த கோட்டை ஒன்று நிற்கிறது. கல் தூண்களும் ஒரு படிக்குளமும் மிச்சம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தாண்டித்தான் விமானம் பிடிக்கப் போகிறார்கள், இறங்கிப் பார்க்கிறவர் அரிது. முதல் பத்து நிமிட ஓய்வு இங்கே. விடியும் நேரம் சரியாக இருக்கும்.

இரண்டாம் துண்டு: தேவனஹள்ளிக் கோட்டை

1501 இல் மல்ல பைரே கௌடர் மண்ணால் கட்டிய கோட்டை. பிறகு ஹைதர் அலி, திப்பு காலத்தில் கல் கோட்டையானது. 1791 இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் படையின் கைக்குப் போனது. உள்ளே இன்றும் தெரு, வீடு, பள்ளிப் பிள்ளைகள், வேணுகோபால சுவாமி கோயில் என்று ஊர் வாழ்கிறது. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு மதில்மேல் ஏறி நடங்கள். கொத்தளங்களில் சுடுவதற்கு விட்ட துளைகளைக் குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் வெளியே இறங்குவது தெரியும். ஒன்று தூரத்துக்கு, ஒன்று மதிலின் காலடிக்கு. சுண்ணாம்புப் பூச்சில் கை வைத்தால் காலையிலும் சில்லென்று இருக்கும்.

கோட்டைக்குச் சற்று வெளியே திப்பு பிறந்த இடத்தைக் குறிக்கும் சின்ன மண்டபம் இருக்கிறது. திப்பு என்ற பெயர் ஆற்காட்டிலிருந்து வந்தது. அங்கே அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். எங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள் யாரோடு இங்கே வந்தாலும் இதைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை.

இங்கேயே இட்லி, வடை, காபி முடித்துவிடுங்கள். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், மலை இன்னும் பாக்கி. கடைகளில் பம்பளிமாஸ் கிடைத்தால் ஒன்று வாங்கி உரித்துப் பையில் வையுங்கள். இந்த ஊர்ப் பம்பளிமாசுக்குப் புவிசார் குறியீடு உண்டு. உச்சியில் உட்கார்ந்து தின்ன அதைவிட நல்லது வேறில்லை.

மூன்றாம் துண்டு: ஆவதி, ஏரிகள், ராகி

தேவனஹள்ளி தாண்டி ஆவதி. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் ரணபைரே கௌடர் தலைமையில் இங்கே குடியேறின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தேவனஹள்ளியைக் கட்டிய மல்ல பைரே கௌடர் அந்த வழியில் வந்தவர். பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடரின் முன்னோரையும் அந்தக் குடியோடுதான் சேர்த்துச் சொல்வார்கள்.

இனி சாலையின் இரு பக்கமும் திராட்சைத் தோட்டம், ராகி வயல், இடையிடையே ஏரிகள். அவசரப்படாமல் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மண்கரை, நடுவில் மதகு, ஓரத்தில் உபரி நீர் வழியும் கல்கட்டு. அந்த இடத்துக்குக் கன்னடத்தில் கோடி என்று பேர். எங்கள் ஊரிலும் “ஏரி கோடி போகுது” என்றுதான் சொல்வோம். மேல் ஏரி கோடி போனால் அந்த நீர் கீழ் ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலியாகப் போய்த்தான் ஆறாகிறது. 2021 டிசம்பரில் இந்த வழியில் வந்தபோது தாண்டிய ஏரிகளில் பல கோடி போய்க்கொண்டிருந்தன. ஆம்பூர்ப் பாலத்தில் அப்பா பார்த்த வெள்ளம் எப்படிச் சேர்ந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இந்தத் துண்டில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை அறுத்த ராகித் தாளைச் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் கதிர் உதிரும் என்பதற்காக. அதன்மேல் சைக்கிளை ஓட்டாதீர்கள். ஆவதி தாண்டி ஒருமுறை நான் ஓட்டினேன். பத்தே மிதி. தாள் பின் டெரெய்லரின் சின்னச் சக்கரங்களில் கயிறுபோலச் சுற்றி, செயின் இறுகி, பெடல் நின்றுவிட்டது. இன்னும் ஒரு மிதி அழுத்தியிருந்தால் டெரெய்லர் கம்பிகளுக்குள் போய் உடைந்திருக்கும். களத்திலிருந்த அம்மா ஒருவர் கதிர் அரிவாளோடு வந்து பக்கத்தில் குந்தி, அரிவாள் நுனியால் ஒவ்வொரு தாளாக நெம்பி எடுத்தார். நான் அவசரமாகப் பிடித்து இழுக்கப் போனபோது “நிதானா, நிதானா” என்று என் கையைத் தட்டிவிட்டார். கால் மணி நேரம் ஆனது, செயினில் ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றிலிருந்து தாளைப் பார்த்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வண்ணம் பூசாத ஸ்பீட் பிரேக்கர்கள் இருக்கும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து அதட்டுங்கள். அப்படியும் விடாவிட்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஏற்றம்

அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 400 மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 40 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1478 மீட்டர்.

அடிவாரத்தில் நிறுத்தி, பாட்டிலை நிரப்பி, ஜாக்கெட்டைக் கழற்றி, தொடங்கும் முன்பே லேசான கியருக்கு மாற்றுங்கள். முதல் 2 கிலோமீட்டரில் உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும், வேகமாகப் போகத் தோன்றும். அங்கேதான் பலர் தங்கள் காலை எரித்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? குறையுங்கள். கொண்டை ஊசி வளைவில் உட்புறம் செங்குத்தாகவும் வெளிப்புறம் சமமாகவும் இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பை ஒட்டாமல், நம் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளித்தள்ளிப் போனால் இரண்டு மூச்சு விடலாம். வலப்பக்க வளைவில் எதிர்த் தடத்துக்குள் போகவே கூடாது, மேலிருந்து வரும் வண்டிக்கு நாம் தெரியமாட்டோம்.

எழுந்து நின்று மிதிப்பதை மருந்துபோல வைத்துக்கொள்ளுங்கள். முதுகு பிடிக்கும்போது பத்துப் பதினைந்து மிதி, பிறகு உட்கார்ந்துவிடுங்கள். கடைசி 2 கிலோமீட்டர்தான் செங்குத்து அதிகம். அதற்கு முன் ஒரு வளைவில் நின்று, தண்ணீர் குடித்து, ஒரு கடலை மிட்டாய் தின்றுவிட்டு ஏறுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. தள்ளிக்கொண்டு நடந்தாலும் உச்சி அதே உச்சிதான்.

மேலே

கோட்டைச் சுவர்கள், திப்புவின் கோடை மாளிகை, யோக நந்தீஸ்வரர் கோயில். 1791 அக்டோபர் 19 அன்று ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. உடல் தேறுவதற்காக 1927 இல் காந்தி இங்கே வந்து தங்கினார், 1936 இல் மறுபடியும் வந்தார். நான் முதலில் போவது அம்ருத சரோவருக்கு. மலையுச்சியில் ஊற்று நீரால் நிறையும் படிக்குளம். கீழே ஏரி ஏரியாகப் பார்த்துக்கொண்டு வந்த தண்ணீர் இங்கேயும் இருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துபோகும். பம்பளிமாஸை அங்கே எடுக்காதீர்கள், குரங்கு பிடுங்கிக்கொள்ளும். மூடிய இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

வேர்த்த உடம்போடு அரை மணிக்கு மேல் நிற்க வேண்டாம். மேலே காற்று குளிரும்.

இறக்கம்

விபத்து பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், ஜாக்கெட்டை மூடுங்கள். கையை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வையுங்கள், பிரேக் அங்கிருந்து நன்றாகப் பிடிக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில்.

சக்கர விளிம்பை ரப்பர் கட்டையால் பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். பாதி வழியில் நிறுத்தி ரிம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். பனிமூட்டம் இருந்தால் லைட்டைப் போட்டு, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் போதும்.

நான்காம் துண்டு: நந்தி கிராமத்துக் குளம்

மலையைச் சுற்றி வந்தால் அடிவாரத்தின் இன்னொரு பக்கம் நந்தி கிராமம், போக நந்தீஸ்வரர் கோயில். 9 ஆம் நூற்றாண்டில் தொடங்கி, நுளம்பர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டியது. ஒரு சன்னதியின் பெயர் அருணாசலேஸ்வரர், திருவண்ணாமலைப் பெயர். அந்தச் சன்னதியில் சிறுவயது, போக நந்தீஸ்வரர் சன்னதியில் போகம், மலைமேல் யோகம் என்று சிவனின் மூன்று நிலைகளாகச் சொல்வார்கள். ராஜேந்திர சோழனுடையது என்று சொல்லப்படும் கல் உருவம் ஒன்றும் உள்ளே உண்டு, கேட்டால் காட்டுவார்கள்.

கோயிலின் கல்யாணிக் குளத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். நான்கு பக்கமும் படி படியாக இறங்கும் பெரிய குளம், சுற்றிலும் கல் மண்டபம். வெளியே வெயில் ஏறும் நேரத்திலும் மண்டபத் தரை குளிர்ந்திருக்கும். காலை நீட்டி, சுவரில் குதிகாலைச் சாய்த்து, இருபது நிமிடம் படுத்திருங்கள். தொடையில் இறுகியிருந்தது இளகுவது தெரியும்.

நேரமும் தெம்பும் இருந்தால் பக்கத்தில் முத்தேனஹள்ளி, விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். அவருடைய நினைவு இல்லம் இருக்கிறது. நீரை அடக்கி நிறுத்திய பொறியாளரின் ஊர் இத்தனை ஆறுகள் கிளம்பும் மலையடியில் இருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும்.

திரும்புதல்

மதியம் வெயிலில் ஹைவேயில் 55 கிலோமீட்டர் ஓட்டுவது முதல்முறை போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். சாப்பிட்டு, மூன்று மணிவரை நிழலில் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். தேவனஹள்ளிவரை ஊர்ச் சாலைகளில் வாருங்கள், அதன்பின் சர்வீஸ் ரோடு. எலஹங்காவில் இருட்டத் தொடங்கினால் உடனே பின் லைட்டைப் போடுங்கள். ஹெப்பாளில் மாலை டிராஃபிக்கில் மிதிக்கத் தெம்பில்லை என்றால் அங்கேயே ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து சைக்கிளோடு வீடு போய்ச் சேருங்கள். நானே இரண்டு முறை அப்படித்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் செயினை ஒரு பழைய துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பின் டெரெய்லரைக் குனிந்து பாருங்கள். சின்னச் சக்கரத்தில் ராகித் தாள் ஒன்றிரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுக்காமல் நிதானமாக எடுங்கள்.